காளியின் வலது தோள்

குலசை கடற்கரையில், தசரா வேஷக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு கரடி வந்து காளியின் வலது தோளைப் பிடித்தது.

காளி என்றால் இசக்கிதுரை. பாளையங்கோட்டை வாலிபால் அணியில் ஸ்மாஷ் அடிக்கிறவன்.

முதுகில் கட்டியிருந்த ஆறு மரக்கைகளுக்கும் ஒரு குறையும் இல்லை. சொந்தக் கைதான், அதுவும் வலது, சித்திரையிலிருந்து தகராறு. தூக்கினால் பாதி வழியில் சுருக்கென்று பிடிக்கும்.

தோளுக்குள் தசைநார் எலும்புக்கு அடியில் சிக்கி நசுங்குகிறது என்று கண்டுபிடித்தவர் பிசியோதெரபிஸ்ட் நமச்சிவாயம். அவருடைய பட்டங்கள் போர்டில் இடம் போதாமல் கண்ணாடிக் கதவுக்கும் இறங்கி வந்திருக்கும்.

ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கச் சொன்னார். சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றச் சொன்னார்.

கை முழுசாக ஏறினால் மகன் காளி வேஷம் கட்டுவான் என்று அம்மா முத்துராணி குலசை முத்தாரம்மனிடம் நேர்ந்துகொண்டாள். அது தெரிந்ததும் நமச்சிவாயம், காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"கை ஏறினா அது நான் குடுத்த பயிற்சி. ஏறலைன்னா நீ ஒழுங்கா செய்யலன்னு அர்த்தம். இதுல அம்மனுக்கு எங்கனலே இடம்?"

புரட்டாசி பிறந்ததிலிருந்து அவர் செருப்பில்லாமல் வந்தார். பாதத் தசைக்கு நல்லதாம். அதற்கும் ஓர் ஆராய்ச்சி வைத்திருந்தார்.

கை முக்கால்வாசி ஏறியது. முக்கால் போதும், மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று முத்துராணி வேஷம் கட்டிவிட்டாள்.

புதன்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. அந்தச் சுருக் இருந்தால் ஸ்மாஷ் இல்லை. ஸ்மாஷ் இல்லையென்றால் இசக்கிதுரைக்கு அணியும் இல்லை.

கரடி அவன் கையிலிருந்த சூலத்தை வாங்கி மணலில் குத்தியது. ஒரு கையால் முதுகுப்பக்கம் தோள்பட்டையை அழுத்திக்கொண்டு, மறுகையால் அவன் கட்டைவிரலை வெளிப்பக்கம் திருப்பி, பைய மேலே ஏற்றியது.

இசக்கிதுரை பல்லைக் கடித்துக்கொண்டான்.

முக்கால் வழி வந்தது. போனது.

கை காதை ஒட்டி நேராக நின்றது. சுருக் வரவே இல்லை.

கரடி இரண்டடி பின்னால் போய், பெற்ற பிள்ளை மேடையில் பரிசு வாங்குவதைப் பார்க்கிற தகப்பனைப் போல நின்று பார்த்தது.

"ஏத்தினது என் பயிற்சிதான், அதுல மாத்தமில்ல. சும்மா அம்மன்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருந்தேன். கிளினிக்ல மூச்சு விட்டிராதலே."

கரடிக்குள்ளிருந்து வந்தது நமச்சிவாயத்தின் குரல்.

பிறகு அவர் கரடித் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் பேஷண்ட் முன்னால் குனிந்தார்.

"திருநீறு போடு, தாயே."