இடப்பக்க மூச்சு

நீச்சல்குளத்தின் எதிர்முனைக்குப் போகும்போது ரெஜினா இடப்பக்கம் திரும்பித்தான் மூச்சு எடுப்பாள். பக்கத்துத் தடத்தில் அவள் கணவன் ஆரோக்கியம் வலப்பக்கம் திரும்புவான். முகங்கள் எதிர்ப்படும் நொடியில் அவன் பழிப்புக் காட்ட, அவள் சிரித்துத் தண்ணீர் குடித்துவிடுவாள். கார் விபத்தில் அவன் போய்விட்டான். அவள் கழுத்துக்குக் காலர் மாட்டினார்கள். அதைக் கழற்றிய பிறகும் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை.

“வலப்பக்கமே மூச்சு எடுங்க மேடம். யாரு கேக்கப்போறா?” என்றார் பயிற்சியாளர் மும்தாஜ்.

“அங்க வெறும் சுவருதான் இருக்கு.”

ஒரு காலையில், பாதி தூரத்தில், கழுத்து மெல்லத் திரும்பிக்கொடுத்தது. பக்கத்துத் தடத்தில் வெயில் மட்டும் நெளிந்தது. பழக்கத்தில் அவள் முன்கூட்டியே சிரித்துவிட்டாள். மூக்கெல்லாம் தண்ணீர்.

“இன்னிக்குப் போதும் மேடம், ஏறி வாங்க!”

இருமிக்கொண்டே ஏறினாள். ஈரக்காலோடு விறுவிறுவென்று, புறப்பட்ட முனைக்கே மறுபடி நடந்தாள்.