அத்தானின் விளையாட்டுப் பெட்டி

"உன் அத்தானுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுடா. பேங்க் மேனேஜர் செய்யற காரியமா இது? நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

மருமகன் காதில் விழும்படி அம்மா மகனிடம் சொன்னாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

காரியம் இதுதான். அந்தக் காலத்தில் கடைகளில் காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவார்களே, அதே மாதிரி ஒரு கேம் பெட்டியைப் பழைய அலமாரிப் பலகையில் அத்தானே செய்திருந்தார். உட்கார்ந்து ஆடும்படி உயரத்தை மட்டும் குறைத்திருந்தார். திரை, பட்டன், ஜாய்ஸ்டிக் எல்லாம் தயார். உள்ளே வைக்கக் கம்ப்யூட்டர்தான் பாக்கி. அதற்குத்தான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சினனை வரச் சொல்லியிருந்தார்.

மச்சினனுக்கும் உள்ளூரக் கடுப்பு. அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மாவை அக்கா வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிற நேரத்தில் இந்த ஆட்டம் தேவையா?

இருந்தாலும் அத்தானோடு கடைக்குப் போனான். இருப்பதிலேயே நல்ல மெஷினைக் காட்டினான்.

"கிராஃபிக்ஸ் கார்டு பிரமாதம் அத்தான். புது கேம் எல்லாம் சும்மா பறக்கும்."

"பறக்க வேணாம் மாப்ளே, நடந்தா போதும். ஃபேன் சத்தம் வராத மாதிரி சின்னதா ஒண்ணு பாரு. ஆனா பட்டனை அமுக்கினா அடுத்த நொடி திரையில அசையணும்."

யானை கட்டித் தீனி போட வசதி இருக்கிறவர் ஆட்டுக்குட்டி போதும் என்கிறாரே என்று அவனுக்கு ஆச்சரியம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டார்கள்.

"சரி, ஆயிரம் கேம் இருக்கற சாஃப்ட்வேரா போட்டுடறேன்."

"அத்தனையும் வெச்சு என்ன பண்றது? பந்தால செங்கல்லை உடைக்கற கேம் இருக்கே, அது ஒண்ணு போதும். சுவிட்சைப் போட்டா நேரா அதுதான் வரணும். மெனு கினு, பாஸ்வேர்டு கீஸ்வேர்டு எதுவும் கேக்கக் கூடாது. எழுத்து நல்லா பெருசா இருக்கட்டும்."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

அத்தான் சிரித்து மழுப்பிவிட்டார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. திரையில் பந்து துள்ளியது. செங்கல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அந்தப் பக்கமாக வந்த அம்மா, மகளைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"ஏழு கழுதை வயசாச்சு, விளையாட்டுச் சாமான் கேக்குது. வர்றவங்க போறவங்க பாத்தா சிரிக்க மாட்டாங்க?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் நழுவினாள். அத்தான், "சரிங்க அத்தை" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போது வாசலில் அவனால் அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். அப்பா போனதுலேர்ந்து அம்மா சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. அவங்க கண்ணெதிர்ல இதெல்லாம் வேணுமா?"

"நான் பாத்துக்கறேன் மாப்ளே. நீ கவலைப்படாம போயிட்டு வா."

கல்லில் நார் உரிக்கிற கதைதான் என்று அலுத்துக்கொண்டே நடந்தான். தெருமுனை வந்ததும்தான் செல்போனை மேஜை மேலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளினான்.

உள்ளறையிலிருந்து பட்டன் படபடக்கும் சத்தம். அதற்குள் உட்கார்ந்துவிட்டாரா மனுஷன்?

இல்லை. அத்தான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் வெளுத்தது.

உள்ளறையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்பா போன பிறகு அவன் கேட்டே இராத சிரிப்பு. அடுத்து, பழக்கப்பட்ட அந்தத் தலைமையாசிரியைக் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"மாப்பிள்ளை, கதவுச் சத்தம் கேட்டுச்சே, யாரு? என் புள்ளையா இருந்தா சீக்கிரம் வந்து இந்த நாற்காலியில உக்காருங்க. நான் எந்திரிச்சுத் திட்ட ஆரம்பிச்சுடறேன்."