பத்துப் பொருத்தம்

போன மாதம் தயாளினிக்கும் கோபிசங்கருக்கும் பத்துப் பொருத்தமும் காட்டிய சாதக ஆப், இன்று இரண்டுதான் என்றது. “கலியாணம் சரிவராது,” என்று அவளின் அப்பா கையை விரித்துவிட்டார்.

அந்த ஆப்பைச் செய்கிற நல்லூர்க் கம்பனியில்தான் இருவருக்கும் வேலை. இடையில் ஆப்பில் செய்த மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டிப் பார்த்து, பிழை புகுந்த இடத்தைத் தானே பிடிக்கும் நிரலைத் தயாளினி ஓடவிட்டாள்.

“விடுமப்பா, எல்லாம் விதி,” என்றான் கோபிசங்கர். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“பொறும். கெடுத்தவன் ஆரெண்டு பாப்பம்.”

நிரல் பிடித்துக் கொடுத்தது. முதலாளி ஒரு வரியை அழித்திருந்தார்: மாப்பிள்ளை கோபிசங்கர் என்றால், எந்தப் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம்.

“எந்தப் பெண்ணுக்குமோ?”

“அது... நான் உம்மைக் காண முதல் எழுதினது.”

தயாளினி அந்த வரியைத் திரும்பப் போட்டாள். ‘எந்தப் பெண்ணுக்கும்’ என்பதை வெட்டிவிட்டு, ‘தயாளினிக்கு மட்டும்’ என்று அடித்தாள்.

“இனி வேறை ஒருத்திக்கும் நீர் பொருந்தமாட்டீர்.”