மஞ்சளா, சிவப்பா?

சர்வர்களைக் கண்காணிக்கும் திரையில் மஞ்சள் பட்டை ஒன்று மின்னியதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலதிகாரி வேறு அன்று விடுப்பு. நல்ல வேளையாக அவரே போனில் அழைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்..."

"மேடம், முதல்ல இதக் கேளுங்க! சர்வர் போச்சு! என் வேலையும் போச்சு!"

"பதறாதீங்க. என்ன நிறம் காட்டுது?"

"மஞ்சள்."

"மஞ்சள்னா வெறும் எச்சரிக்கை. சிவப்புதான் ஆபத்து. அதை அழுத்தி விவரத்தைப் படிங்க."

அழுத்தினான். "டிஸ்க் நிரம்பப் போகுதாம்."

"எந்த சர்வர்ல?"

உற்றுப் பார்த்தான். குரல் தானாக இறங்கியது. "புதுசா சேர்றவங்க பழகுறதுக்கு வச்சிருக்கோமே, அதுல."

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தான்.

"பழைய லாக் பதிவு எல்லாம் அழிச்சிடுங்க, போதும்" என்றார் ஒருவழியாக.

அழித்தான். மஞ்சள் மறைந்தது.

"எப்படி மேடம் உங்களுக்கு மட்டும் இந்த நிதானம்? நான்னா ஊரையே கூட்டியிருப்பேன்."

"தெரியும். அதான் மெதுவா சொல்றேன். எனக்கு வலி வந்துடுச்சு. அம்மாகூட ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கேன்."

"ஐயோ! தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இது சிவப்புதான், ஓடி வாங்க. ஆனா அங்க வந்தும் என்னை மேடம்னு கூப்பிட்டுடாதீங்க. மாப்பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அம்மா பயந்துடுவாங்க."