தாழ்ப்பாள் பாட்டு

அவள் உள்ளே வந்துவிட்டாள்.

நடுவர்கள் இருவரும் திரும்பவில்லை.

கதவுக்கு முதுகு காட்டி, மற்ற மாணவர்கள் வைத்துவிட்டுப் போனவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறையின் இரும்புத் தாழ்ப்பாள் கல்லூரி முழுக்கப் பிரபலம். உள்ளிருந்து இழுத்தாலும் வெளியிலிருந்து இழுத்தாலும் மாடிவரை பல் கூசும். காலையில்தான், அனுமதி வாங்கி, அதைக் கழற்றினாள். இப்போது அங்கே இருப்பது அவள் செய்தது.

இறுதியாண்டு விதி ஒன்றுதான். ஒரு பழம்பாடலிலிருந்து ஒரு பொருள் பிறக்க வேண்டும்.

பிறந்திருந்தன.

பாட்டு பொறித்த மயில் விளக்கு. பாட்டு சுற்றிவரும் பூச்சாடி. பாட்டு அச்சடித்த நாற்காலி. புலவர் மேலேயே உட்காரலாம்.

அவள் எடுத்தது, ஊர் உறங்கியபின் காதலனைப் பார்க்கப் போகும் பெண்ணின் பாட்டு. பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறாள். கோழித் தூக்கம்.

போன வருடம் 'பண்பாட்டு உணர்வு போதாது' என்று எழுதி அவளைத் தோற்கடித்தார்கள். இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது.

வணக்கம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைமை நடுவர் திருவரங்கன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியைத் தடவினார்.

"ஆகா. நம்ம மண்ணு பேசுது பாருங்க."

"என்ன பேசுது சார்?" என்றார் ரெஜினா மேடம்.

"யாருக்குத் தெரியும்? காலையிலேர்ந்து ஒரு வரி புரியலை. நானும் ஆகாங்கறேன், நீங்களும் தலையாட்டறீங்க."

இருவரும் சிரித்தார்கள்.

"அடுத்தது, போன வருஷம் போட்டுத் தள்ளினோமே சார், அந்தப் பொண்ணு. தாழ்ப்பாளாம்."

"அதுல பாட்டு எழுதியிருக்காளா?"

"ஒரு எழுத்துகூட இல்லையாம் சார்."

"அப்புறம் பண்பாடு எங்கேர்ந்து வரும்? ஆளையும் காணோம். ஆப்சென்ட் போட்டுடுங்க."

"கொஞ்சம் பொறுங்க. வந்தா கதவு சத்தம் கேக்குமே."

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

மரியாதைக்கு, அவளும் காத்திருந்தாள்.

"வரலை," என்று பேனாவைத் திறந்தார் திருவரங்கன்.

"வந்துட்டேன் சார்."

பேனா உருண்டு மேசைக்கு அடியில் போனது.

அவள் கதவைத் திறந்தாள். சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். மறுபடி திறந்தாள்.

மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

ரெஜினா மேடம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ மெல்ல விடிந்தது.

"அம்மா முழிக்கலை," என்றார், தனக்குத்தானே.

திருவரங்கனுக்கு வேறு கவலை. சால்வை தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"நீ... எப்பம்மா உள்ள வந்தே?"

"பாட்டுல அந்தப் பொண்ணும் அதை மட்டும் சொல்ல மாட்டா சார்."

ரெஜினா மேடம் கை தட்டினார்.

தனியாகத்தான் தொடங்கினார்.