பதினாறு வயசுக் கேஸ்

ஐந்து வருஷத்தோடு போய்விடும் என்றுதான் வக்கீல் பிரகதீஸ்வரி சொல்லியிருந்தார்.

அந்த நம்பிக்கையில்தான் அடைக்கலம் வல்லத்திராக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூண்டில் மகன் வெற்றிசெல்வன். முன்வரிசையில், அவன் வெட்டியதில் வலது கையை முழங்கையோடு இழந்த பக்கத்து வயல்காரர் குணசேகரன். குற்றம் நிரூபணமாகிவிட்டது. எத்தனை வருஷம் என்பதுதான் பாக்கி.

அரசு வக்கீல் ஒரு பழைய காகிதக் கட்டைப் பிரித்தார்.

“இவனுக்கு இது முதல் கேஸ் இல்லீங்கய்யா. பதினாறு வயசுலயே மோட்டார் ஒயரைத் திருடி உள்ள போனவன்.”

பிரகதீஸ்வரி விருட்டென்று எழுந்தார். சின்ன வயதுக் கேஸ், எப்போதோ அழித்திருக்க வேண்டிய காகிதம், அதை வைத்துத் தண்டனையைக் கூட்டக் கூடாது என்று தொண்டை வறள வாதாடினார். ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளத்தானே, படிக்கட்டும் என்றார் நீதிபதி.

அடைக்கலம் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். பாழாய்ப்போன காகிதம், கரையானுக்குக்கூட வேண்டாமல் போயிற்றே!

அந்த ஒயர் குணசேகரனுடையது. மூன்று மாதம் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் கிடந்து திரும்பிய பயல், அதன்பிறகு குணசேகரனிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. என்னை மாட்டிவிட்டவன் கையை எடுக்காமல் விடமாட்டேன் என்று குடித்த பொழுதெல்லாம் கறுவினான். பத்து வருஷம் கறுவி, சொன்னபடியே எடுத்தான்.

அடைக்கலம் எழுந்தே விட்டார்.

“அய்யா, அதைப் படிக்காதீங்கய்யா!”

டவாலிச் சேவகர் அதட்டி உட்கார வைத்தார். பெற்ற மனசு, வருஷம் கூடிவிடுமே என்று பதறுகிறது எனப் பக்கத்திலிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அரசு வக்கீல் கடகடவென்று படித்துக்கொண்டே போனார். தேதி. இடம். ஒயரின் நீளம். புகார் கொடுத்தவர்.

“வல்லத்திராக்கோட்டை அடைக்கலம். பையனோட தகப்பனார்.”

ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்கய்யா, பய திருந்திருவான் என்றுதான் அன்றைக்கு ஸ்டேஷனில் கேட்டார். கேஸே போட்டுவிடுவார்கள் என்று யார் கண்டது? அதற்கப்புறம், மகன் குணசேகரன் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்தபோதெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை.

பத்து வருஷம் என்றார் நீதிபதி.

வெற்றிசெல்வன் அதைக் காதில் வாங்கவே இல்லை. குணசேகரனின் வெறுமனே தொங்கும் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லத் திரும்பி, கடைசி பெஞ்சைப் பார்த்தான்.