ஏரோதின் வசனம்

கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது மன்னனாக நடித்தவர், திரை விழுந்ததும் நாடகத்தை எழுதிய மனைவியிடம் பாய்ந்தார்.

“ராணியைத் திட்டுற கட்டத்துல அரங்கமே ‘சீ, தூ’ங்குது! முன் வரிசையில ஒரு அம்மா செருப்பையே கழட்டிட்டாங்க!”

“அவ்வளவு இயல்பா பேசினீங்க.”

“என்னத்த இயல்பு? ‘கிரீடத்தை ஒழுங்கா எடுத்து வைக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் சோறு ஒரு கேடா’ன்னு எந்த மனுஷன்டி பொண்டாட்டியைக் கேப்பான்? எந்த மடையன் வாயிலேர்ந்து இதைப் பிடிச்ச?”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“போன மாசம் ஆபீஸ் கிளம்பும்போது நீங்க என்னைக் கேட்டதுதாங்க. சட்டையை மட்டும் கிரீடமா மாத்தினேன். மத்தது ஒரு எழுத்துகூட என்னோடது இல்லை.”